கடலில்தான் விழும் என்றேன்

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். திருவொற்றியூரில் ரயில் நிலையத்திலிருந்து தேரடிக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னப் புத்தகக் கடை இருந்தது. பள்ளிக்கூட நோட்ஸ், பஞ்சாங்கம், பாட்டுப் புத்தகம், வாரப் பத்திரிகை, இவைதான் வியாபாரம். என் உயிர் மட்டும் உள்பக்க அலமாரியில் இருந்தது. அதில் அத்தனையும் விஞ்ஞானக் கதைகள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் புத்தகங்கள் யானைக்கவுனியில் ஒரு பழைய பேப்பர் கடைக்கு வந்து சேரும். நான் போய் மூட்டை மூட்டையாகக் கிளறி எடுத்து வருவேன்.

அவற்றை யாராவது வாங்கினால்தானே! அட்டையில் இருக்கும் ஜந்துவைப் பார்த்துவிட்டு, "இது இன்னா, பூரான் பத்தின புக்கா?" என்பார்கள். செவ்வாய் கிரகத்துக்குப் போகிற கதை என்று நான் ஆசையாக ஆரம்பித்தால், "தோஷத்துக்குப் பரிகாரம் போட்டுக்கீதா?" என்பார்கள். எனக்கு ஊரில் வைத்த பெயர் ராக்கெட்டு. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான், அமெரிக்காக்காரர்கள் வானத்தில் சுற்றவிட்டிருந்த ஸ்கைலாப் என்ற விண்வெளிக்கூடம் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று அவர்களுக்கே தெரியாது என்று ரேடியோவில் சொன்னார்கள். அவ்வளவுதான், ஊரே என் கடைக்கு வந்துவிட்டது. புத்தகம் வாங்க அல்ல, விவரம் கேட்க. எந்தக் கிழமை விழும், பகலா ராத்திரியா, எத்தனை யானை கனம்? விம்கோ நகரிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்த ஒருவர், தன் வீட்டு ஓடு தாங்குமா என்று கேட்டார். இத்தனை வருஷம் ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாமல் ஏங்கியவன் நான். கேட்க ஆரம்பித்த பிறகு, ஏன்டா கேட்கிறார்கள் என்று ஆகிவிட்டது.

தொண்டை வறண்டு, தலை வலித்துக்கொண்டிருந்த நேரத்தில் மீன்காரம்மா ஒருவர் வந்தார். எங்கள் தெருவில் வழக்கமாக மீன் விற்பவர். அவருடைய வீட்டுக்காரரும் மைத்துனரும் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். கூடையை இறக்காமலே, "இன்னா நைனா, எங்க வுழுமாம்?" என்றார்.

"உலகத்துல முக்கால்வாசி கடல்தாம்மா! அதனால அது கடல்லதான் விழும். ஒரு மனுஷனுக்கும் ஒண்ணும் ஆகாது. போய் வேலையைப் பாருங்க" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் கூடையை இறக்கிக் கீழே வைத்தார். "கடல்லதான் வுழுமா? அப்ப எங்க வூட்டு ஆம்பளைங்கோ எங்க கீறாங்கன்னு நெனச்சுக்கினு கீற நீ?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கடல் எவ்வளவு பெரிசு, இந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் அவர்கள் குப்பத்திலிருந்து ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை. இங்கிலீஷ் புத்தகம் படிக்கிற ராக்கெட்டுக் கடைக்காரரே சொல்லிவிட்டார், கடலில்தான் விழப்போகிறது என்று! மூன்றாம் நாள் அந்த அம்மா ஏழெட்டுப் பெண்களோடு கடை வாசலில் வந்து நின்றார். "அடுப்பு பத்தவெச்சு ரெண்டு நாளாச்சு. கொயந்தைங்க அழுதுகினு கீதுங்கோ. எங்க ஆளுங்களுக்கு நீயே வந்து புத்தி சொல்லு" என்றார்.

வேறு வழியில்லாமல் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கரையில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன, ஆண்கள் கரையேற்றிய கட்டுமரங்களின் ஓரத்தில் சுருண்டு படுத்திருந்தார்கள். ஈர மணலில் ஒரு பெரிய வட்டம் போட்டு, இதுதான் உலகம், இது நம் கடல், நீங்கள் போகிற இடம் கடுகளவுகூட இல்லை என்று வேர்க்க வேர்க்க விளக்கினேன். எல்லோரும் எழுந்து வந்து மரியாதையாகக் கேட்டார்கள்.

"அப்ப இங்க வுழாது?" என்றார் மீன்காரம்மாவின் வீட்டுக்காரர்.

"விழாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு."

"கொறைவுன்னா கீதுன்னுதான அர்த்தம்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இத்தினி சொல்றியே வாத்தியாரே, காலைல எங்க கூட மரத்துல வர்றியா? நீ வந்தா நாங்க போறோம்."

பெண்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. புத்தகத்தில் சனி கிரகம்வரை போய் வந்தவன், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் இடுப்பில் அழுது ஓய்ந்துபோன ஒரு பிள்ளை இருந்தது. வருகிறேன் என்றேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

விடிகிற நேரத்தில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர், மைத்துனர், நான், மூன்று பேரும் கிளம்பினோம். கட்டுமரத்தில் உட்கார இடம் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிறது. கரையோரத்து அலைகளைத் தாண்டும்போது குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கரை தூரத்தில் ஒரு கோடாகி, ஆலைகளின் புகைபோக்கிகள் மட்டும் தெரிந்தன. அவர்கள் வலையைப் போட்டார்கள். நான் மேலே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தேன். ஒளிந்துகொள்ள ஒரு மரத்தடி இல்லை, கூரை இல்லை. வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும், இருந்தும் கழுத்து கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், வலையை விட்டுக்கொண்டே அவர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இன்னா வாத்தியாரே, மேல பாத்துகினே கீற? கொறைவுதான?" என்றார் வீட்டுக்காரர்.

"பயமா இருக்குய்யா" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அதேதான் நைனா. இத்த மொதல்லயே சொல்லிக்கினா நாங்க இன்னா உன்ன அடிக்கவா போறோம்?" என்று சொல்லிவிட்டு, நான் விழுந்துவிடாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கரை திரும்பும்வரை ஒரு கையாவது என்மேல் இருந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மற்ற மரங்களும் இறங்கின. இரண்டொரு நாளில் ஸ்கைலாபும் விழுந்து தொலைத்தது, கொஞ்சம் இந்துமாக் கடலில், மீதி ஆஸ்திரேலியாவில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கடைக்குப் பழையபடி நோட்ஸ் கேட்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு கூறு மீன் கொடுத்துவிட்டுப் போனார். புத்தகம் மட்டும் கடைசிவரை ஒன்றுகூட வாங்கவில்லை.

நான் இன்னமும் விஞ்ஞானக் கதைதான் படிக்கிறேன். ஏதோ ஒரு விண்கலம் எரிந்துகொண்டே வந்து ஆளில்லாத கடலில் விழுந்தது, ஆபத்து நீங்கியது என்று ஒரு வரி வந்தால் போதும், படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மூடிவிடுகிறேன். அங்கே ஆளில்லை என்று உனக்கு யாரய்யா சொன்னது என்று எழுதியவன்மேல் வருகிற கோபம் அடங்க எனக்கு வெகுநேரம் ஆகிறது.