காமாட்சி படிக்காத பக்கங்கள்

பேருந்து கடத்தூருக்குள் நுழையும்போது காமாட்சியின் தம்பி பாலக்கோட்டிலிருந்து போனில் பேசினார். "அக்கா காலையில தவறிட்டாங்க டீச்சர்." இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நின்று பாலக்கோட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

நம் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் காமாட்சியைத் தெரியாதவர் இல்லை. கடத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியும் காதல் கதை என்றால் முகம் மலர்ந்துவிடும். கடைசியாக நாம் சேர்ந்து படித்தது ஒரு மாயக் காதல் கதை. வானத்தில் மேகம் மேய்க்கும் இளைஞனும் மலையடியில் தக்காளி போடும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வார்கள். நடுநடுவே அவளுடைய டைரி வரும். கடிதத்தில் அவள் எழுதுவது அவன் அனுப்பும் மழையைப் பற்றிய புகார் மட்டுமே. ஆசையெல்லாம் டைரியில்.

காமாட்சி டைரிப் பக்கங்களைப் படிக்கவே மறுத்துவிட்டார். "வயசுப் பொண்ணோட டைரிய அவளக் கேக்காம படிக்கலாமுங்களா?" கதைதானே என்றோம். "கதைன்னா மானம் மருவாதி இல்லீங்களா?" என்று நம் வாயை அடைத்தார். நம்மையும் அதைப் பற்றி மூச்சுவிட விடவில்லை. ஆக, அந்த இளைஞனுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

நம் வட்டத்துத் தக்காளி விவசாயி பெரியசாமி அண்ணன், கதையில் வரும் அந்தப் பெண்ணின் கட்சி. "செடி பூ எடுக்கற நேரத்துல மழைய வுட்டா கோவம் வராதுங்களா?" காமாட்சி விடமாட்டார். "ஒரு நல்ல வார்த்த எழுதுனா கை தேஞ்சா போயிரும்? பாவங்க அந்தப் பையன்." இருவரும் நிஜமாகவே சண்டை போட்டார்கள். நாம் டீயை ஆறவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்படி இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காதா என்றிருக்கிறது.

கதை டைரியில்தான் முடிகிறது. அதனால் காமாட்சிக்கு அது முடியவே இல்லை. உடம்புக்கு முடியாமல் தம்பி வீட்டில் கிடந்தபோது பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு அவன்மேல இஷ்டம் இருக்குதுங்களா, இல்லீங்களா? இதே நெனப்பாக் கெடக்குது டீச்சர்" என்றார்.

"சொல்லட்டுமாங்க?" என்றேன்.

ஆசையோடு என் முகத்தையே பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார். "அவளே அவனுக்கு எழுதோணும். மனசுல இருக்கறத டைரிக்குச் சொல்லி என்னங்க பிரயோசனம்? அடுத்த பாகம் வந்தா லெட்டர் போட்டுருவா, பாருங்க."

அதன்பின் மாத்திரை, வெயில், தக்காளி விலை என்று பேசிவிட்டு எழுந்து வந்தேன். அவர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வரும் ஞாயிறு சொல்லலாம், அதற்கடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றுகூட நினைத்ததில்லை. தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். அன்பை உரியவரிடமே சொல்லிவிட வேண்டும். காமாட்சி, உங்களை மனசு ரொம்பத் தேடுதுங்க. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவளுக்கு அவன்மேல் இஷ்டம்தான். முதல் மழையிலிருந்தே.