மேனேஜர் சொன்ன மாதிரி

பழைய டிபன் கேரியர் பையின் அடியில் ஒரு ரோஸ் நிறக் காகிதம் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான். கேட் பாஸின் கார்பன் நகல். இரண்டு பேரின் பெயர், டோக்கன் நம்பர், வெளியே போகும் நேரம், ஃபோர்மேன் கையெழுத்து எல்லாம் நீல மையில் மங்கலாகத் தெரிகின்றன. 'காரணம்' என்று அச்சடித்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அப்படிக் காலியாக விட்டால் செக்யூரிட்டி பாஸைத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு அனுப்பவில்லை. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பதினான்கு வருடம் சீல் குத்தியிருக்கிறேன். காரணம் எழுதாமல் நான் குத்திய ஒரே பாஸ் இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை இதைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. முடி வெட்டிக்கொள்ள சலூனில் உட்கார்ந்திருந்தேன். கிரிக்கெட் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த டீம் கப் அடிக்காது என்று ஒருவர் அடித்துச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர், "ஆமா, மேனேஜர் சொன்ன மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நாலு தெருவில் பொய்த்துப்போன எந்த ஆரூடத்துக்கும் இதுதான் பெயர். மழை வரும் என்று சொல்லி வராவிட்டாலும் மேனேஜர் சொன்ன மாதிரிதான். சொல்லிச் சிரித்த இளைஞர்களில் பாதிப் பேருக்கு அந்த மேனேஜர் யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும். நானும் பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

எங்கள் தெருக்களுக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. ஏ டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சூப்பர் டிவிஷன். அங்கே ஏறிவிட்டால் பெரிய கம்பெனிகளின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், நன்றாக ஆடுகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலை கிடைக்கும். என் தம்பி அந்த டீமின் கோல்கீப்பர். என் தொழிற்சாலையிலேயே காண்டிராக்ட் கூலியாக இருந்தான். வயது இருபத்து நாலு. இன்னும் ஒன்றிரண்டு வருடம் போனால் எந்தக் கம்பெனியும் அவனைத் திரும்பிப் பார்க்காது. எங்கள் வீட்டில் சூப்பர் டிவிஷன் என்ற சொல்லை என் அம்மா கூடச் சொல்லக் கற்றிருந்தாள்.

மேனேஜர் என்பவர் ஆட்டம் சொல்லித்தருகிறவர் அல்ல. அதற்குக் கோச் இருந்தார். பந்து, ஜெர்சி, பிளேயர் கார்டு, ஆளைக் கூட்டிவந்து மைதானத்தில் நிறுத்துவது எல்லாம் மேனேஜர் பொறுப்பு. எங்கள் மேனேஜருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். முன்கோபி. ஒன்பது வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த வருடம் கிளப்பின் ஜெனரல் பாடி மீட்டிங்கில், டீமுக்குப் புது ரத்தம் வேண்டும் என்று சொல்லி, பேங்கில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரைக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தோம். நானும் கை தூக்கினேன். மேனேஜர் என் கையைப் பார்த்தார். புதியவர் டிராக் சூட் வாங்கித் தந்தார், காலையில் ஓடவைத்தார், முட்டை கொடுத்தார். ஆனாலும் அவரைப் 'புது மேனேஜர்' என்றுதான் சொன்னோம். வெறும் மேனேஜர் என்றால் பழையவர்தான்.

முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஒரு டிரா. சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆட்டங்களின் பட்டியலை ஒட்டிவைத்திருந்தோம். ஒரு நாள் மேனேஜர் ஷேவ் செய்துகொள்ள வந்தார். சலூன்காரர் சும்மா இருக்கமாட்டாமல், "என்ன மேனேஜரே, இந்த வருஷம் மேல போயிடுமா?" என்று கேட்டார். மேனேஜர் எழுந்து பட்டியலருகே போனார். மீதி மூன்று ஆட்டத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக இறக்கினார். "போகாது. கஷ்டம்" என்றார். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து முகத்தைக் காட்டினார். ஷேவ் முடிகிற வரைக்கும் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் படியிறங்கியதும் ஆரம்பித்தது வாதம். எங்கள் தெரு தபால்காரர், "வயித்தெரிச்சல், வேற என்ன? ஒம்பது வருஷம் இவரால ஆகாதது ஆறே மேட்ச்ல ஆயிடுச்சுல்ல" என்றார். சலூன்காரருக்குச் சந்தேகம் வேறு மாதிரி. "வேற கிளப்காரன் யாராச்சும் இவரைப் பேச வெச்சிருப்பான். நம்ம பசங்க மனசு ஒடையணும்னு பிளான்" என்றார். நான் என்னை ஆராய்ச்சிக்காரன் என்று நினைத்துக்கொண்டவன். எதிர்த்து ஆடப்போகும் மூன்று டீமையும் மனதில் வைத்து, நம் இடது பக்கத் தடுப்பு பலவீனம், அதைத்தான் அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு வாரம் விளக்கினேன். அந்தச் சலூனில் அவ்வளவு சுவாரசியமாக நாங்கள் எதையும் பேசியதில்லை. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வருகிற களைப்பிலும் நேரே அங்கேதான் போவேன்.

ஏழாவது ஆட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டு, ஆட்டத்தைவிட மேனேஜரைப் பார்க்கவே ஸ்டேடியத்துக்குப் போனேன். கையில் கடலைப் பொட்டலத்தோடு உச்சிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் பந்தையே பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகும் ஆட்கள் உள்ளே வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு எட்டுப் பேரோடுதான் ஆரம்பித்தோம். என் தம்பி உட்பட மூன்று பேர் பீன்யாவிலிருந்து வரவே இல்லை. ஒரு ஃபார்வர்டைக் கோலில் நிறுத்தினார்கள். தோற்றோம். பசங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று சலூனில் திட்டினார்கள். எட்டாவது ஆட்டத்துக்குத் தம்பி சொல்லாமல் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நின்றான். டிரா. மறுநாள் ஃபோர்மேன் அவனைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படிச் செய்தால் பெயரை அடித்துவிடுவேன் என்றார். கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும், முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிடுவோம். அந்த ஆட்டம் ஒரு புதன்கிழமை, மாதக் கடைசி. மாதக் கடைசியில் எங்கள் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் அவசரம். யாருக்கும் பாஸ் கிடையாது.

அந்தப் புதன்கிழமை காலையில் நான் டைம் ஆபீஸில் உட்கார்ந்து பாஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேனிடம் போய் என் தம்பிக்காகக் கேட்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. முந்தைய வருடங்களிலும் சில ஆட்டங்கள் வேலை நாளில் வந்தன, ஃபோர்மேனே 'சொந்த வேலை' என்று காரணம் சொல்லிப் பாஸ் அனுப்பினார். ஃபோர்மேனுக்கு ஃபுட்பால் பிடிக்கும்போல என்று நான் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பந்து உருண்டையா சதுரமா என்பது கூடத் தெரியாது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

பதினொன்றரை மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே மேனேஜர் நிற்கிறார். அவர் பின்னால் தூக்கம் கலையாத முகத்தோடு இரண்டு பேர். இருவரும் எங்கள் இரண்டாவது ஷிப்ட் ஆட்கள், மத்தியானம் இரண்டரை மணிக்கு வரவேண்டியவர்கள். ஃபோர்மேன் வெளியே வந்தார். மேனேஜர் வணக்கம் வைத்து, கன்னடத்தில், "இப்பரன்ன கர்கொண்டு பந்திதீனி சார்" என்றார். இரண்டு பேரை அழைத்து வந்திருக்கிறேன் என்று அர்த்தம். ஃபோர்மேன் அந்த இருவரையும் பார்த்தார். "எல்லி ஹோகித்ரி இஷ்டு தின?" என்று மேனேஜரைக் கேட்டார், இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று. மேனேஜர் சிரித்து மழுப்பினார். ஃபோர்மேனுக்குத் தேவை மிஷின் முன்னால் ஓர் ஆள், அவ்வளவுதான். அந்த இருவரும் தம்பிக்கும் இன்னொரு பிளேயருக்கும் பதிலாக மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போனார்கள். வேறொரு நாள் இவர்கள் அவர்களுக்காக நின்றால் கணக்கு நேர். ஒன்பது வருடமாக ஒவ்வொரு வேலை நாள் ஆட்டத்துக்கும் மேனேஜர் இப்படித்தான் அதிகாலையில் கிளம்பி, இரண்டாவது ஷிப்ட்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, கேட் கேட்டாக ஆள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எதிரே டீக்கடையில் அவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சொந்தக்காரன் யாருக்கோ வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு தலையசைப்போடு போயிருக்கிறேன்.

ஜன்னலுக்கு வந்து பாஸ் கேட்டபோது என்னைக் கண்டு கொஞ்சம் தயங்கினார். தம்பி பெயரையும் மற்றவன் பெயரையும் ஒரே பாஸில் எழுதினேன். "காரணம் என்ன போட?" என்றேன். "ஒண்ணும் போடாதீங்க. யாருகிட்டயும் சொல்லவும் சொல்லாதீங்க. இன்னும் ரெண்டு கேட்டுக்குப் போகணும், சீக்கிரம் குத்துங்க" என்றார். குத்தினேன். செக்யூரிட்டி மேனேஜரைப் பார்த்தார், பாஸைப் படிக்காமலே கேட்டைத் திறந்தார்.

அன்று பதினோரு பேரும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். கோல் இல்லாத டிரா. கடைசி நிமிடங்களில் தம்பி தரையோடு பாய்ந்து தட்டிய பந்தை எங்கள் தெரு இன்னும் பேசுகிறது. மேலே போனோம். சலூனில் ஆப்பிள் கேக் வெட்டினார்கள். மேனேஜர் அந்த வழியாகப் போனபோது தபால்காரர் கூப்பிட்டு, "என்ன மேனேஜரே, போகாதுன்னீங்களே?" என்றார். "ஆமாம்பா, தப்பாப்போச்சு" என்று சொல்லிக் கேக்கை வாங்கிக்கொண்டார். கடையே சிரித்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அவரைத் தனியாகப் பிடித்தேன். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. போகாது என்று சொன்னவர் ஏன் போகவைத்தார்? பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே சொன்னார். "மீதி மூணும் வேலை நாள். பட்டியல்ல நீங்கள்லாம் டீம் பேரைப் படிச்சீங்க, நான் கிழமையைப் படிச்சேன். ஏன் போகாதுன்னு யாராச்சும் ஒருத்தர் கேட்டிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு ஒரு மாசம் பேசினீங்க. ஏன் போகாதுன்னு ஒருத்தரும் கேக்கல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மூணுல முதல் ரெண்டு மேட்சுக்கும் நான் கேட்டுக்குப் போய் ஆளை நிறுத்தியிருக்கலாம். கோவம்" என்றார். அப்புறம் கோபம் எப்படித் தணிந்தது என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஷிப்ட் ஆட்களின் விலாசங்களைப் புது மேனேஜரிடம் கொடுத்துவிட்டதாகவும், விஷயம் வெளியே தெரிந்தால் அந்தப் பையனை நாங்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம் என்பதாலேயே சொல்லவேண்டாம் என்றதாகவும் படியில் நின்று சொன்னார். தம்பிக்கு மறு வருடமே கம்பெனி வேலை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலை மூடியபோது பாஸ் புத்தகத்திலிருந்து இந்த ஒரு தாளை மட்டும் கிழித்து எடுத்துவந்தேன்.

நேற்று அதை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன். புது மேனேஜர் மாற்றலாகி வெளியூர் போய்ப் பல வருடமாகிறது. இனி யாரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது? சலூன்காரரிடம் காகிதத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, காலியாக இருந்த அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இதை அவரு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"நாம கேக்கலியே" என்றேன்.

காகிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு, "இப்ப எங்க இருக்காரு?" என்றார். அத்திபெலேயில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி என்றேன். "எனக்குச் செவ்வாக்கிழமைதான் கடை லீவு. போலாமா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை நாள். இன்று காலை, இப்போது வேலை பார்க்கும் ஆபீஸில் லீவு ஃபாரம் வாங்கினேன். இதிலும் 'காரணம்' என்று ஓர் இடம் இருக்கிறது. மேனேஜரைப் பார்க்க என்று எழுதிக் கொடுத்தேன்.