மரநாயை வெளியே வைத்துப் பூட்டிய வியாழக்கிழமை

பெஸ்ட் கன்ட்ரோல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டையைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்காது. எலியோ பெருச்சாளியோ, கம்பிவலை வைத்து, சிமென்ட் பூசி, போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டால்தான் சோறு இறங்கும். இருபது வருடமாக நான் அப்படித்தான். அந்தப் பழக்கம் என்னைக் கவிழ்த்தது ரிட்டயர்டு பிரெஞ்சு டீச்சர் ஃபிலோமின் மதாம் வீட்டில்.

படுக்கையறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏதோ ஓடுகிறது என்று கூப்பிட்டிருந்தார். கட்டிலுக்கு நேர் மேலே மஞ்சள் கறை.

"மொதல்ல பாஸ்மதி வாசன வந்துச்சு தம்பி. பக்கத்து வூட்டுல பிரியாணின்னு நெனச்சி ரெண்டு நாளு காத்துக்கினு இருந்தேன். ஒரு தட்டு கூட வரல."

"அது மரநாய் மதாம். அதோட மூத்திர வாசனையே அப்பிடித்தான்."

அவர் அந்த மஞ்சள் கறையைக் காட்டினார். "சனிக்கிழம எங்க வூட்டுக்காரரு டிஸ்சார்ஜ். வயித்துல ஆபரேஷன். பாத்ரூமோட இருக்கறது இந்த ஒரு ரூம்தான். தையல் போட்ட ஒடம்பு மேல இது சொட்டுச்சுன்னா?"

பின்பக்க வென்டிலேட்டர்தான் அதன் வழி. அதில் நியூஸ்பேப்பரைச் சுருட்டி லேசாகச் செருகினேன். மிருகம் வெளியே போனால் பேப்பர் விழும். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு விழுந்தது. மதில் மேல் நீள வால் ஒன்று போனது. அடுத்த பத்து நிமிடத்தில் வலை, சிமென்ட், போட்டோ. குரூப்பில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மதாமின் போன்.

"விடியக்காலைல வெளிய ஒண்ணு வலையப் பிறாண்டிட்டுப் போச்சு. உள்ள என்னமோ கீச்சுகீச்சுன்னு கத்துது. நீங்க மரநாயத் தொரத்துனீங்களா, குடும்பம் வச்சிக் குடுத்தீங்களா?"

ஏசி சர்வீஸுக்கு விட்டிருந்த சீலிங் கதவு வழியாக ஏறினேன். தலை போனது, தோள் போனது, தொப்பை போகவில்லை. தொங்கியபடியே டார்ச் அடித்தால், மூலையில் மூன்று குட்டிகள். கீழே இருந்து மதாம் என் காலைப் பிடித்து இழுத்தார். பிள்ளைகளின் காதைத் திருகிப் பழகிய கை. ஒரே இழுப்பில் வந்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி ஓனர் ரஷீத் பாய்க்குப் போன் போட்டேன்.

"யோவ், தாய வெளிய வச்சிப் பூட்டிட்டு போட்டோ வேற போட்டியா? குட்டி செத்தா வூடும் நாறும், நம்ம பேரும் நாறும். ஃபாரஸ்ட் ஆபீஸக் கேளு."

அங்கே பேசியவர் பொறுமையாகச் சொன்னார்: "வலை இருக்கட்டும். கையுறை போட்டுக்கினு குட்டிங்கள அட்டப்பொட்டில வச்சி, சாயங்காலம் அந்த ஓட்டைக்கு வெளிய வைங்க. தாய் வந்து தூக்கினு போயிடும். வரலன்னா எங்களக் கூப்புடுங்க."

சட்டையைக் கழற்றி, கதவின் சட்டத்தையும் கழற்றி, ஒருவழியாக உள்ளே நுழைந்தேன். மூன்றும் பெட்டிக்கு வந்தன. பொழுது சாய்ந்ததும் பெட்டியை சன்ஷேடில் வைத்துவிட்டு, நானும் மதாமும் சமையலறை ஜன்னலில் ஒளிந்துகொண்டோம்.

தாய் வந்தது. பெட்டியை முகர்ந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு மதில் தாண்டியது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கியது. அதன்பிறகு அரை மணி நேரம் ஆளைக் காணோம். மதாம் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார்.

"மூணாவத மறந்துட்டாளா?"

"எண்ணத் தெரியாதோ என்னமோ மதாம்."

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

நான் பார்வையை மதில் பக்கம் திருப்பினேன். அப்போது மதில் மேல் அந்த வால் தெரிந்தது. மூன்றாவதும் போனது. "மெர்சி! மெர்சி!" என்று மதாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி எனக்கா, மாதாவுக்கா, மரநாய்க்கா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கறை பிடித்த பலகையை மாற்றி, மருந்து போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். மத்தியானம் அவர் வீட்டுக்காரர் வந்து படுத்தார்.

ஓட்டையை அடைப்பது பெரிய வித்தையில்லை. அடைப்பதற்கு முன்னால் உள்ளே ஏறி, எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணுங்கள். தொப்பை இடித்தால் ஒல்லியானவரை ஏற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் மறுபடி கூப்பிட்டார். டார்ச்சைத் தேடிக்கொண்டே போனை எடுத்தேன்.

"மேல சத்தமே இல்ல தம்பி. கீழதான் இவரு கொறட்ட. அதுக்கு எதுனா மருந்து வச்சிருக்கீங்களா?"

"வலை மட்டுந்தான் இருக்கு மதாம்."