ஊசி போட்டுக்கொண்டு தூக்கிய பெட்டி

அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். அக்காவின் கணவர், அதாவது என் மாமா. எடை தூக்கவைத்துப் பார்க்கும் பிசியோதெரபி மேடம். மாமாவை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். துணைக்குப் போன நான். அக்கா வரவில்லை. ரோஜாப் பூ பேக்கிங் ஷெட்டில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வருவதாகச் சொன்ன கம்பெனி சேஃப்டி ஆபீசரும் வரவில்லை.

மாமாவுக்கு மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை. இரும்பு உதிரிபாகங்கள் அடுக்கிய பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல். சில மாதங்களாக அவருக்கு இடுப்பு வலி. இடது கால் அடிக்கடி மரத்துப்போகும். ஆஸ்பத்திரியில் ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வு முடிந்து வேலைக்குப் போனபோது, எவ்வளவு தூக்க முடியும் என்று டெஸ்ட் எடுத்து வந்தால்தான் கம்பெனி கேட்டுக்குள் விடுவோம் என்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோதான், ஆனாலும் கம்பெனி சமாச்சாரம் எதுவானாலும் என்னிடம் வந்துவிடும். முந்தின நாள் மாமாவுக்கு எல்லாம் விளக்கினேன். எங்கே வலிக்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள், அதுதான் உங்கள் அளவு, அதற்குத் தகுந்த வேலை கொடுப்பார்கள் என்றேன்.

"தகுந்த வேலயா? கான்ட்ராக்ட் ஆளுக்கா?" என்று சிரித்தார். "மச்சான், உனக்குப் படிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு."

காலையில் உத்தனப்பள்ளிக்குப் போய் அவருடைய அம்மாவைப் பார்த்துவிட்டு, நேராக டெஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. நடையிலும் நொண்டல் இல்லை.

"இன்னிக்கு வலிக்கு மாத்திர, ஊசி ஏதாவது போட்டீங்களாண்ணா?" என்று மேடம் கேட்டார்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? நல்லாத்தான இருக்கறேன்."

"ஒவ்வொரு தடவ தூக்கினதும் வலி பத்துக்கு எத்தனன்னு சொல்லணும்."

"எத்தன வாங்குனா பாஸ்?"

"இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லண்ணா."

"மார்க் போடுவீங்களாம், பாஸ் கெடயாதாம். இது எந்த ஊரு பரீட்ச மேடம்?"

சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்தார்.

கைப்பிடி வைத்த மரப்பெட்டி. அதற்குள் இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார் மேடம். தரையிலிருந்து இடுப்புவரை, பிறகு இடுப்பிலிருந்து தோள் உயரப் பலகைவரை. ஐந்து கிலோ, பத்து கிலோ, பதினைந்து கிலோ. கேட்கும்போதெல்லாம் மாமா "ஒண்ணு" என்றார். போன வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் அக்காவைக் கூப்பிட்ட மனிதர்.

"லோடு ஆளுன்னா இப்டி இருக்கணும்யா!" என்றார் சூப்பர்வைசர். "போடுங்க மேடம், இன்னும் தூக்குவாரு."

பதினெட்டு கிலோவைத் தோளுக்கு ஏற்றியபோது சட்டை மேலே ஏறியது. பேன்ட் பட்டைக்குச் சற்று மேலே வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டர். உத்தனப்பள்ளியில் அவர் அம்மாவை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதே நேரம் இடது கால் தரையில் உரசி இழுபட்டதையும் கவனித்தேன். அது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. அடுத்த தட்டுக்கு மேடம் கையை நீட்டினார்.

"மேடம், நிறுத்துங்க. மாமா ஊசி போட்டிருக்காரு."

"டேய்," என்றார் மாமா. சத்தமே இல்லாமல். பெட்டி இன்னும் அவர் கையில் இருந்தது.

மேடம் அதை வாங்கிக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை. வலி தெரியாதபோது எங்கே நிறுத்துவது என்று உடம்பு சொல்லாது, இன்று தூக்கியதைக் கணக்கில் எடுக்க முடியாது, ஊசி இல்லாமல் இன்னொரு நாள் வாருங்கள் என்றார். சூப்பர்வைசர் வெளியே போய் யாரிடமோ கன்னடத்தில் போன் பேசினார். ஆள் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னது உள்ளே வரை கேட்டது.

பஸ் ஸ்டாப்பில் மாமா என்னைப் பார்க்காமல் பேசினார். "இன்னும் நாலு கிலோடா. தூக்கியிருந்தா நாளைக்கே ஷிஃப்டு."

"கால் இழுக்குது மாமா. உங்களுக்கே தெரியல."

"எங்காலு எனக்குத் தெரியாது, தொரைக்குத் தெரிஞ்சிடுச்சு!"

பஸ் வந்ததும் அவர் முன்வாசலில் ஏறினார். நான் பின்வாசலில் ஏறினேன்.

அடுத்த வாரம் ஊசி இல்லாமல் தூக்கினார். பன்னிரண்டு கிலோவில் பெட்டியைப் பொத்தென்று போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார் மேடம். அப்படியொரு வேலை எங்களிடம் இல்லை என்று கான்ட்ராக்டர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அக்கா திட்டவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்?"

"கால் போயிருக்கும்க்கா."

"போயிருக்கும்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. பிறகு மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நீங்கள் செய்தது சரிதான் என்றார். இரண்டில் முதலில் சொன்னதுதான் என் மனதில் நின்றது.

இப்போது மாமா கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு வீட்டுமனை லேஅவுட்டில் வாட்ச்மேன். நடக்கிறார். கால் இழுப்பது குறைந்திருக்கிறது. என்னிடம் மழையைப் பற்றிப் பேசுகிறார், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஓவர்டைம் சேர்த்து லோடிங்கில் பதினெட்டாயிரம் வந்துகொண்டிருந்தது. இங்கே பத்தாயிரத்து ஐந்நூறு. அக்கா ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அதில் அவள் கூடுதலாகக் கொண்டுவருவது போக, வீட்டில் ஒவ்வொரு மாதமும் இன்னும் குறைவது ஐயாயிரம் ரூபாய்.