காப்பி மூட்டையில் ஒரு சென்ட் பாட்டில்

ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலையில் எங்கள் வீட்டில் காப்பி மூட்டைகளுக்குத்தான் முதல் மரியாதை. காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதால், மூட்டை அடுக்கிய அறைக்குள் மண்ணெண்ணெய், வெங்காயம், ஊதுபத்தி எதற்கும் அனுமதி கிடையாது. பின்னாளில் நான் உத்தியோகம் பார்த்த எந்த அலுவலகத்திலும் ஒரு விதி இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதில்லை.

அந்த அறையில்தான் அத்தை வந்து தங்கினாள். அப்பாவின் தங்கை. மாமா மஞ்சள் காமாலையில் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் வேறு இடமும் இல்லை. அவளுடைய தகரப்பெட்டிக்குள் மாமாவின் சென்ட் பாட்டில் இருந்தது. பழைய சீமைச் சரக்கு, கண்ணாடி மூடி போட்டது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல் தொடங்கி, சந்தனத்தில் போய் நிற்கும் வாசம். பஸ் ஏறும் நாட்களில் மாமா கழுத்தில் தொட்டுக்கொள்வார். அத்தை அதைப் பூசிக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்வாள். தீர்ந்துவிடுமோ என்று உடனே மூடிவிடுவாள்.

அப்பாவின் மூக்குக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஏம்புள்ள, வருசம் பூராப் பட்ட பாட்டை நாசம் பண்ணறதுக்கா வந்தே? காலையில அதைப் பள்ளத்துல வீசிப்போடறேன் பாரு."

அத்தை பெட்டிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா சேலத்துக்காரி, காப்பியை டம்ளரில் மட்டுமே அறிந்தவள். மனசு கேட்காமல், அப்பா துழாவவே மாட்டார் என்று தோன்றிய ஒரே இடத்தில் பாட்டிலை ஒளித்துவைத்தாள். காப்பி மூட்டைக்குள்.

"பத்திரமா வெச்சிருக்கறேன் கண்ணு, அழுவாதே" என்று அத்தையிடம் சொன்னாள். காலையில் அப்பா தகரப்பெட்டியைச் சோதித்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு திருப்தியடைந்தார்.

விற்கும் நாளில், ஏற்காட்டிலிருந்து வந்த வியாபாரி அந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"ஏனுங்க, இது காப்பிங்களா, கல்யாண ஊடுங்களா?"

கொட்டிப் பார்த்ததில், மூடி கழன்ற பாட்டில் உருண்டு வந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"சாக்குக்குள்ள வெச்சா வாசம் வெளிய வராதுன்னு நெனச்சனுங்க" என்றாள் அம்மா.

வியாபாரி அந்த மூட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போனார். உதவாத சரக்கைக் கழித்துக்கட்ட அரசாங்கத்தில் ஒரு குழு கூட வேண்டும். அப்பா தனி ஆளாகவே கூடி, வீட்டிலேயே குடித்துத் தீர்க்கும்படி உத்தரவிட்டார்.

வறுத்தும் அரைத்தும் வாசம் போகவில்லை. அப்பா ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளித்தார், அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். அத்தை மட்டும் டம்ளரை முகத்தருகே பிடித்தபடி, ஆவி அடங்கும்வரை ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட அது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக அந்த மூட்டை தீர்ந்தது. புதுக் காப்பி போட்ட அன்று முதல் டம்ளரை நானே தூக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

"இதுல அந்த வாசம் கொஞ்சங்கூட இல்லீங்க அத்தை!"

அவள் வாங்கி ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். இவ்வளவு நல்ல காப்பியை அத்தை வீணாக்குகிறாள் என்று அம்மாவிடம் சொல்லப் போனேன்.