லாரிக்குக் குறை சொன்ன பாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எனக்கு மாட்டு வியாபாரம். வைக்கோல், பிண்ணாக்கு ஏற்ற ஒரு பழைய லாரி வைத்திருந்தேன். மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். லாரி நடுவழியில் நின்றுவிடும். போதாததற்கு முன்சக்கரம் இரண்டும் குடிகாரன் நடைபோல ஆடின. தீமிதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மனைவி, பிள்ளைகள், மச்சான் குடும்பம் எல்லாரையும் அந்த லாரியில்தான் மாரியம்மன் கோயிலுக்கு ஏற்றிப் போவதாக இருந்தேன்.

ரோச்சோர் கால்வாய் ஓரம் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் வண்டியை விட்டேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். தேய்ந்த பாகங்களை மாற்றி, முன் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிடச் சொன்னேன். மூன்று நாளில் முடித்தும்விட்டார். போய்ப் பார்த்தால், வண்டி நன்றாக உயரமாக நிற்கிறது. ஆனால் கொடுக்கமாட்டேன் என்கிறார். தூக்கியதில் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி சாய்ந்துவிட்டதாம். பள்ளத்தில் விழுந்தால் அதுவே சக்கரத்தை இழுக்குமாம். அந்தச் சாய்வுக்கு ஏற்ப வளைந்த வேறு கம்பி போடவேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. மாட்டுச் சந்தையில் ஒருவன் சுற்றிச் சுற்றி வந்து சுழி சரியில்லை, கொம்பு சரியில்லை என்றால், அடிமாட்டு விலைக்குக் கேட்கப்போகிறான் என்று அர்த்தம். இருபது வருடம் அதிலேயே ஊறியவன் நான். போதாக்குறைக்கு முதல்நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது, பாய் ஒரு சீனத் தவுக்கேயோடு, அதாவது முதலாளியோடு, மலாயில் குசுகுசுத்ததைப் பார்த்திருந்தேன். இருவரும் என் லாரியைத்தான் காட்டிக் காட்டிப் பேசினார்கள். ஓகோ, என் லாரியை அடிமாட்டு விலைக்கு அமுக்க ஆளே பிடித்தாகிவிட்டதா என்று அன்றிரவெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் போய் வண்டியைக் கிளப்பலாமென்று பார்த்தால், சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைக் காணவில்லை. பாய்தான் எடுத்து வைத்திருந்தார். வந்ததே கோபம் எனக்கு! நடுத்தெருவில் நின்று திருடன், ஏமாற்றுக்காரன் என்று கத்தினேன். கடைக்காரர்கள், ரிக்ஷாக்காரர்கள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கூடிவிட்டார்கள். பாய் முகம் சிவந்துபோனது. இதில் யார் ஏறப்போகிறார்கள் என்று மட்டும் கேட்டார். என் பெண்டாட்டி பிள்ளைகள்தான், உனக்கென்ன என்றேன்.

கைப்பிடியை எடுத்து வந்து அவரே சுற்றினார். "ஏறுங்கண்ணே, நான் ஓட்டுறேன். நீங்க மட்டும் வாங்க" என்றார்.

கால்வாய் ஓரமாகவே மெதுவாகப் போனோம். மாட்டுவண்டி போகிற வேகம்தான் இருக்கும். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியதுமே வண்டி வெட்டி இழுத்தது. பாய் முழுபலத்தோடு திருப்பியும் கேட்கவில்லை. பிரேக் பிடித்து நின்றபோது முன்சக்கரத்துக்கும் கால்வாய்க்கும் ஒரு சாண்தான். பின்னால் திரும்பிப் பார்த்தேன். லாரியின் காலிப் பின்தட்டில் என் கடைக்குட்டி உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது.

"இப்பச் சொல்லுங்கண்ணே, பிள்ளைங்கள ஏத்துவீங்களா?"

திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் அந்தத் தவுக்கே ஒரு வளைந்த கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய உடைந்த லாரியிலிருந்து கழற்றியதாம். எனக்காகத்தான் பாய் அதைக் கேட்டுக் கெஞ்சியிருக்கிறார். மத்தியானத்துக்குள் அதை மாட்டினார். கடைசி நட்டுக்கு வந்ததும் ஸ்பானரை என் கையில் கொடுத்தார். "நீங்களே முறுக்குங்க. அப்பத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

தீமிதிக்குப் பத்திரமாகப் போய் வந்தோம். மறுநாள் பட்டறைக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டேன். பாய் சிரித்துக்கொண்டே அதை விட்டுவிட்டார். ஆனால் திருடன் என்று தெருவே கேட்கக் கத்தியவன், மன்னிப்பை அவர் ஒருவர் காதுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தேனே என்பது இத்தனை வருடம் ஆகியும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.