இரண்டு முறை ஏறி இறங்கினால் மலிவு

சிராங்கூன் சாலையில் பூக்கடைக்கு மேலே இருக்கும் டிக்கெட் அலுவலகத்துக்குப் பதினேழு படி ஏறி வந்திருக்கிறேன். மகனைப் பார்க்கக் கப்பலில் வந்தவன், இப்போது விமானத்தில் திரும்ப வேண்டும். சென்னையில் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை. தந்தி சட்டைப்பையில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே வாய் திறக்கவில்லை; தெரிந்தால் விலையை ஏற்றுவார்கள்.

நேராகப் போனால் எழுநூறு வெள்ளி; டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கொழும்பில் மாறிப் போனால் ஐந்நூற்று இருபது. இரண்டு விமானம், இரண்டு சாப்பாடு, அதிக தூரம், ஆனால் விலை குறைவு. இப்படிக் கணக்குப் போட்ட மாணவனுக்கு நான் சைபர்தான் போட்டிருப்பேன்.

"கூடுதல் தூரத்துக்குக் குறைச்ச காசா, பாய்?" என்கிறேன்.

டிக்கெட் எழுதும் நாகூர்க்காரர் சிரிக்கிறார். "தூரத்துக்கா காசு, ஐயா? கொழும்புல இறங்கிக் காத்துக் கிடக்க யாருக்கு இஷ்டம்? குறைச்சாத்தான் ஆள் ஏறும். நேர் பிளேன்ல வர்றவன் அவசரக்காரன். கேட்டதைக் கொடுப்பான் லா."

அவசரத்துக்கு விலை வைப்பதற்குப் பெயர் வியாபாரமாம். வழிப்பறிக்காரன்கூட இவ்வளவு விளக்கம் சொல்லமாட்டான்.

"கொழும்பு வழியாவே போடுங்க. எப்பப் போய்ச் சேரும்?"

"வெள்ளிக்கிழமை சாயந்தரம்."

பேனா தாளைத் தொடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: "நேரா போறதையே போடுங்க."

எழுநூற்றையும் இரண்டு முறை எண்ணி வைக்கிறேன். அவர் எண்ணவில்லை. சிரிப்பையும் நிறுத்திவிட்டார்.

"ஊர்ல யாருக்கு ஐயா முடியல?" என்கிறார்.